ராத்திரி முச்சூடும் கூத்து, ஊட்டுல நாயும் பூனையும்: ரெண்டையும் விடாம வச்சுக்கறது எப்படிங்க

கூத்துக்கு போறவன் வாயில்லா ஜீவன வளக்கக்கூடாதுடான்னு எங்க பெரியப்பா சொல்லிட்டே இருப்பாருங்க. அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது, மாசி பொறந்துட்டா ஆடி வரைக்கும் வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி நாம ஊட்டுல இருக்க மாட்டோம், பத்து மணிக்கு களரி கட்டி கூத்து ஆரம்பிச்சா வெடியால ஆறு மணிக்குத்தான் திரும்பி வர்றது, வந்ததும் பொத்துனு விழுந்து தூங்கிருவோம், அதுக்குள்ள அதுங்க சோத்துக்கும் தண்ணிக்கும் தவிச்சு கெடக்கும். ஆனா ரெண்டுல ஒண்ண விட்டுத்தான் ஆகோணும்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேனுங்க. நான் குமாரபாளையத்துல தறி ஓட்டறவன், சீசன்ல பொம்பள வேசம் கட்டறேன், சந்திரமதி, திரௌபதி, வள்ளின்னு. ஊட்டுல பொன்னாச்சின்னு ஒரு நாட்டு நாய், பபூன்னு ஒரு பூனை. எப்படி சமாளிக்கறீங்கன்னு நெம்ப பேரு கேக்கறாங்க, கூத்து பாக்க மட்டும் போறவங்களும் கேக்கறாங்க, வள்ளி கும்மி பழகற அக்காமாரும் கேக்கறாங்க, அதான் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணா எழுதறேன்.

மொதல்ல பேரு பத்தி சொல்லிடறேன். நம்ம பக்கத்துல அண்ணமார் கதை உடுக்கையடிச்சு பாடி கேட்டிருப்பீங்க, பொன்னரு சங்கரு கதைங்க. அதுல கொம்பன்னு ஒரு காட்டுப்பன்னி வரும், பெரிய பெரிய வேட்டை நாயெல்லாம் அதுகிட்ட தோத்து போன பொறவு பொன்னாச்சிங்கற குட்டி பெட்ட நாய்தான் அத மடக்கும், பாடறவருக்கு பாடறவரு கதை கொஞ்சம் மாறும், ஆனா அந்த எடம் வந்தா கூட்டத்துல ஒருத்தரும் தூங்க மாட்டாங்க. அப்படி நாயையும் வீரர்களோட சேத்து பாடற மண்ணுல பொறந்துட்டு, கூத்துக்காக நாய வேண்டாம்னு சொல்றது எனக்கு மனசு வரல.

சரி, விசயத்துக்கு வரேன். எல்லாத்துக்கும் முன்னாடி சத்தம். நமக்கு காது கேக்கறது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும், பூனைக்கு 60,000 தாண்டியும் கேக்கும். அதனால முகவீணையோட, அதான் கூத்துல ஊதற அந்த சின்ன நாயனத்தோட கீச்சு சத்தம் நமக்கு இனிப்பா இருக்கறப்ப அதுங்களுக்கு எப்படி இருக்கும்னு ஒருதாட்டி யோசிச்சு பாருங்க. எங்க ஊட்டுல ஒரு வேடிக்கை என்னன்னா பவர்லூம் தடதடன்னு ஓடறப்ப பொன்னாச்சி தறிக்கு அடியிலயே படுத்து தூங்கும், கரண்டு போய் தறி நின்னாத்தான் எந்திரிச்சு பாக்கும். அதே நாய் முகவீணை கேட்டா முதுகு முடி சிலுத்து நிக்கும். சத்தம் பெருசா சின்னதாங்கறது இல்லீங்க, பழகுன சத்தமா பழகாத சத்தமாங்கறதுதான்.

பழக்கறதுக்கு நான் செய்யறது இதுதான். மாரியம்மன் கோயில் நோம்பி தொடங்க பூச்சாட்டறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுரோணும், ஏன்னா பூச்சாட்டி கம்பம் நட்டுட்டா தெனம் ராவைக்கு கம்பத்தாட்டம், பறை, வேட்டுன்னு வரிசையா வரும், அப்ப ஆரம்பிச்சா ஒண்ணும் ஆகாது. போன்ல முகவீணையும் மிருதங்கமும் ரெக்கார்டு பண்ணி வச்சுக்கோங்க, உங்க ஊரு கூத்து எதாவது இருந்தா அதுவே போதும். சோறு வைக்கற நேரத்துல, நமக்கே காதுக்கு லேசா கேக்கற அளவுக்கு வச்சு அஞ்சு நிமிசம் போடுங்க. சோத்த நிம்மதியா தின்னுச்சுன்னா மூணு நாளு அதே அளவுலயே விட்டுட்டு அப்புறம் ஒரு புள்ளி ஏத்துங்க. திங்காம தலைய தூக்கி பாத்தா ஏத்துனது எச்சா போச்சுன்னு அர்த்தம், பழையபடி கொறச்சுருங்க. அவசரப்பட்டு ஒரே நாள்ல முழு சத்தம் வச்சீங்கன்னா அப்புறம் ஆர்மோனியப் பொட்டிய தொறந்தாலே ஓடும், அத சரி பண்ண மாசக்கணக்கா ஆகும்.

பயந்துருக்குதான்னு எப்படி கண்டுபுடிக்கறது? கொட்டாவி மேல கொட்டாவி விடும், ஒதட்ட நக்கிட்டே இருக்கும், காத பின்னால மடக்கும், வால அடிவவுத்துல சொருகும், வெயில் இல்லாத நேரத்துலயும் நாக்க தொங்க போட்டு மூச்சு வாங்கும். பூனையா இருந்தா அட்டாலிக்கு (பரணுக்கு) ஏறி சாமானுக்கு பின்னால போயி உக்காந்துக்கும். அத இழுத்து புடிச்சு கீழ கொண்டு வந்து மடியில வச்சு கொஞ்சாதீங்க, அந்த எடந்தான் அதுக்கு தெம்பு, அங்க ஒரு பழைய துண்டு விரிச்சு விட்டு போங்க, தானா எறங்கி வரும்.

ஊளை விடறத பாத்து பயம்னு மட்டும் நெனச்சுராதீங்க. நீளமா இழுத்து நிக்கற சொரம் கேட்டா நாய் கூட சேந்து ஊளை விடும், ஓநா கூட்டத்துல ஒண்ணு கூப்புட்டா மத்தது பதில் சொல்லுமில்ல, அந்த கொணந்தான். வால் சாதாரணமா இருந்து, உங்க பக்கத்துலயே உக்காந்து, நீங்க நிறுத்துனா அதுவும் நிறுத்துதுன்னா அது உங்களோட பாடுதுன்னே வச்சுக்கலாம். ஓடிப்போயி மூலையில நின்னு ஊளை விட்டா அப்ப நிறுத்திருங்க.

இன்னொன்னு, நாம இல்லாத ராத்திரிக்கு பாட்டு போட்டுட்டு போறவங்க உண்டு, நல்லதுதான். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்காரங்க நாய் காப்பகத்துல விதவிதமா பாட்டு போட்டு பாத்து 2017ல சொன்னாங்க, பாட்டு கேட்டா நாய்ங்க அமைதியாகுது, ஆனா ஒரே மாதிரி பாட்ட போட்டுட்டே இருந்தா பலன் கொறஞ்சுருது, மாத்தி மாத்தி போடோணும்னு. நான் ரேடியோ வச்சுட்டு போயிருவேன், அதுல தானா மாறி மாறி வரும்.

இப்ப வாத்தியத்துக்கு வருவோம், இங்கதான் நெம்ப பேரு ஏமாந்து போறாங்க. மிருதங்கத்துக்கு எடது பக்கம் தொப்பியில ரவைய கொழச்சு ஒட்டுவோமில்ல, கச்சேரி முடிஞ்சதும் அத சொரண்டி எடுக்காம அப்படியே சாச்சு வச்சுட்டு வந்தீங்கன்னா தீந்துச்சு, நாய் மொதல்ல ரவைய நக்கும், ரவை தீந்ததும் அடியில இருக்கறது தோல்தானே, அதையும் கடிக்க ஆரம்பிச்சுரும். அதுமேல தப்பில்லீங்க, தின்ற சாமானையும் தோலையும் அது மூக்குக்கு நேரா வச்சது நாமதான். வாசிச்சு முடிச்ச கையோட ஈரத்துணியில தொடச்சு, உறைய போட்டு, ஆணியில மாட்டிரோணும். ஆர்மோனியம் வேற கதை, அதுக்கு பூனை காவல்காரன். தறிக்குடோன் பக்கம் எலி எச்சா இருக்குது, துருத்தி மடிப்புக்குள்ள எலி பூந்து கடிச்சு ஓட்டை போட்டுருச்சுன்னா காத்து நிக்காது. பபூன் வந்த பொறவு எலி ஆர்மோனியப் பக்கமே வர்றதில்ல. ஆனா அதுவும் துருத்தி மேல ஏறி நகத்த வச்சு பெசயறதுக்கு பாக்கும், அதனால மூடிய சாத்தி மேல ஒரு பவானி ஜமக்காளத்த மடிச்சு போட்டு வச்சிருக்கறேன், அது மேல படுத்துக்கும், அதுக்கும் சொகம், பொட்டிக்கும் காவல்.

சலங்கைய மட்டும் தரையில வைக்காதீங்க. பொன்னாச்சி அஞ்சு மாசக் குட்டியா இருக்கறப்ப சலங்கை வார கடிச்சு ஒரு மணிய முழுங்கிருச்சுங்க. நான் சலங்கைய எடுத்து கட்டறப்ப ஒரு மணி கொறையுது, வாருல ஈரமா பல்லு தடம் இருக்குது, அப்பவே கையெல்லாம் நடுங்கிருச்சு. ராத்திரியோட ராத்திரியா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடி எக்ஸ்ரே எடுத்து பாத்தா வவுத்துக்குள்ள பட்டாணி மாதிரி வெள்ளையா தெரியுது. சின்னதா இருக்கறதால வெளிய வந்துரும், வரலீன்னா ரெண்டு நாள்ல மறுபடி கொண்டாங்க, உலோகம் வவுத்துக்குள்ளயே தங்குனா வெசமாயிரும்னாரு. மறுநாள் பொழுதோட வந்துருச்சு, குச்சிய வச்சு கெளறி பாத்து மணிய எண்ணி எடுத்த பொறகுதான் எனக்கு சோறு எறங்குச்சு. அதுல இருந்து சலங்கை, ஊக்கு, சவுரி முடி, எல்லாம் மூடி போட்ட தகரப் பொட்டிக்குள்ளதான். வேசத்துக்கு கட்டற மார்புக்கட்டை, புஜக்கட்டையெல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செய்யறது, மெத்துனு இருக்கும், நாய் பல்லுக்கு அத விட தோதான சாமான் கெடையாது, அதையும் ஒசரத்துல வைங்க.

இனி வேசத்த பத்தி சொல்றேன், எனக்கு இதுதான் மனசுல நிக்கற விசயம். பொன்னாச்சிக்கு ஒரு வயசு இருக்கும், எடப்பாடி பக்கம் ஒரு ஊருல அரிச்சந்திரா, மயான காண்டம் முடியறப்ப வெடிஞ்சுருச்சு. பஸ்ஸ புடிக்கற அவசரத்துல சேலைய மட்டும் மாத்திட்டு மூஞ்சி கழுவாம, சவுரியும் கழட்டாம வந்துட்டேன். கதவ தொறந்தா பொன்னாச்சி எப்பவும் எகிறி குதிச்சு வர்றது அன்னைக்கு வரல. ரெண்டடி பின்னால போயி பல்ல காட்டி உறுமுச்சு. நான் பேர சொல்லி கூப்புட்டேன், கொரல் தெரியுது, ஆனா உருவம் வேற, வாசம் வேற, அது குழம்பி போயி ஒருதாட்டி வால ஆட்டுது, ஒருதாட்டி உறுமுது. அப்படியே திண்ணையில உக்காந்து கால நீட்டினேன். மெதுவா வந்து கால மோந்து பாத்துச்சு, கால்ல வேசம் இல்லையே, அங்க என் வாசம் இருந்துச்சு. அப்புறந்தான் மடியில வந்து விழுந்து அழுவாத கொறையா முனகுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி வேசத்தோட ஊட்டுக்குள்ள கால் வைக்கறதில்லன்னு.

அதோட வேசத்தையும் அதுக்கு பழக்கிட்டேன். மொதல்ல சவுரிய தரையில வச்சு மோந்து பாக்க விட்டேன், பக்கத்துல ரெண்டு துண்டு கருவாடு. ரெண்டு நாள் கழிச்சு அது பாக்க பாக்க தலையில வச்சேன், பேசிட்டே கழட்டினேன். அப்புறம் சேலை, அப்புறம் பாதி மூஞ்சிக்கு பூச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஒரு மாசத்துல முழு வேசத்துல உக்காந்தாலும் பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு. உங்க ஊட்டுல கொழந்தைங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வேசம் கட்டினாலும் இதையே செய்யுங்க, முகமூடி போட்ட கொழந்தைய பாத்து நாய் இப்படி தெகச்சு போயி கடிச்சுரலாம்.

பூச்சுல ஒரு எச்சரிக்கை. முத்துவெள்ளைங்கறது சிங்க் ஆக்சைடு, அது நாய் வவுத்துக்குள்ள போனா வாந்தி வரும், நெறைய போனா ரத்தத்தையே கெடுக்கும். செந்தூரத்துல சிலதுல ஈயம் கலந்திருக்கும். நம்ம மூஞ்சிய நாய் நக்கும், நம்ம கையில ஒட்டுனது பூனை மேல படும், பூனை ஒடம்ப நக்கியே சுத்தம் பண்ற ஜீவன், அவ்வளவும் வவுத்துக்குள்ளதான் போகும். அதனால தேங்காண்ணெய வச்சு தொடச்சு, சோப்பு போட்டு கழுவி, அப்புறந்தான் தொடோணும். தொடச்ச துணிய மூலையில வீசாதீங்க, எண்ணெ வாசத்துக்கு துணியோட திங்கும்.

ஒத்திகையில அழுவற கட்டம் வந்தா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாரு, நல்ல கேள்விங்க. லோகிதாசன பாம்பு கடிச்சு சந்திரமதி ஒப்பாரி வைக்கற எடத்த நான் ஊட்டு ஆசாரத்துல (கூடத்துல) உக்காந்து பாடி பாத்தா பொன்னாச்சி வந்து மொழங்கால்ல மூஞ்சிய வச்சுட்டு முனகும், நெசமா அழுவறேன்னு நெனச்சுக்கும். அத தொரத்தி விட எனக்கு மனசு வராது, அப்படியே பாடினா அதுக்கு வேதனை. அதுக்கு ஒரு அடையாளம் வச்சேன். பாட உக்காரறதுக்கு முன்னாடி செவப்பு துண்ட தோள்ல போடுவேன், பொன்னாச்சிக்கு ஒரு தேங்காச் சில்லு குடுப்பேன், முடிஞ்சதும் துண்ட எடுத்துட்டு அதோட ரெண்டு நிமிசம் வெளையாடுவேன். ஒரு ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப செவப்பு துண்ட எடுத்தாலே அது பாட்டுக்கு போயி ஜமக்காளத்துல படுத்துக்குது, ஒப்பாரி எவ்வளவு ஒசந்தாலும் ஒரு காத மட்டும் தூக்கிட்டு கெடக்கும்.

கூத்துக்கு போற அன்னைக்கு செய்யறத சுருக்கமா சொல்றேன். பொழுதோட அஞ்சு மணிக்கு நல்லா ஓட விட்டு களைக்க வைங்க, ஏழு மணிக்கு சோறு, கெளம்பறதுக்கு முன்னாடி ஒருதாட்டி வெளிய கூட்டிட்டு போயிட்டு வாங்க. தண்ணிய ரெண்டு போசியில ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ண தட்டி விட்டாலும் ஒண்ணு இருக்கும், பங்குனி சித்திர வெக்கைக்கு இது நெம்ப முக்கியம். கட்டி போட்டுட்டு போகாதீங்க, வேட்டு சத்தத்துக்கு எகிறி கயிறு கழுத்த இறுக்கிரும், உள்ள விட்டு கதவ சாத்திருங்க. பூனைய இருட்டறதுக்குள்ள உள்ள அடச்சுருங்க, மண்ணு தட்டு வைங்க. பக்கத்து ஊட்டுல ஒருத்தர்கிட்ட தொறப்புக்குச்சி (சாவி) குடுத்துட்டு போங்க, எனக்கு எங்க சின்னம்மா, நான் போற ராத்திரியெல்லாம் படுக்கறதுக்கு முன்னாடி ஒருதாட்டி வந்து எட்டி பாத்துட்டு போவாங்க. திரும்பி வந்தா எவ்வளவு தூக்கம் வந்தாலும் மொதல்ல அதுங்கள வெளிய விட்டு, தண்ணி மாத்தி, பொறவு படுங்க.

கூத்து எடத்துல குடுக்கற பொட்டலத்த ஊட்டுக்கு கொண்டு வந்து ஆசையா போடறவங்க இருக்கறாங்க. வெங்காயம் போட்ட போண்டா, வடை நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, ரத்த அணுவ ஒடச்சுரும். பிரியாணி எலும்பு வெந்தது, கடிச்சா ஊசி மாதிரி ஒடஞ்சு கொடல குத்தும். கேசரியில இருக்கற காஞ்ச தெராச்சை நாயோட கிட்னிய கெடுத்துரும். அப்புறம் தூக்கம் கெட்டு தலவலிக்கு நாம போடற பாரசிட்டமால், பூனைக்கு கால் மாத்தரை கூட உசுர எடுத்துரும், அது ஈரலுக்கு அத ஒடைக்கற சக்தி கெடையாது, கீழ விழுந்த மாத்தரைய தேடி எடுக்காம படுக்காதீங்க. அவசரம்னா 1962க்கு அடிங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருங்க. நம்ம பக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்குது, பெரிய வைத்தியம்னா நான் அங்கதான் போறது.

நாயையும் கூத்துக்கு கூட்டிட்டு போலாமாங்கறது கடைசால வர்ற கேள்வி. பூனைய ஒருநாளும் வேண்டாம். நாய்னா, டவுன்ல வளந்த நாய கூட்டிட்டு போகாதீங்க, கொழா ஸ்பீக்கரு, வேட்டு, ஊருநாய் கூட்டம், அதுக்கு ராத்திரி முச்சூடும் நரகம். தோட்டத்து நாய் தானா பின்னால வந்து கூட்டத்துக்கு கடைசில படுத்து கெடக்கும், அதுக்கு எடம் தெரியும், விட்டுருங்க. எந்த நாயா இருந்தாலும் வெறிநாய்க்கடி ஊசி வருசாவருசம் போட்டிருக்கோணும், செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தினத்த ஒட்டி கெவுருமெண்ட் கால்நடை ஆஸ்பத்திரியில இலவசமா போடறாங்க. கடி பட்டா, கீறல் பட்டாலும், சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

வள்ளி திருமணம் பாத்துட்டு வந்து கொழந்தைங்க கிளி வேணும்னு அழுவும், தெனப்புனங் காட்டுல வள்ளி ஆலோலம் பாடற அழகுக்கு யாருக்கும் ஆசை வரும். நம்ம ஊரு பச்சைக்கிளிய கூண்டுல வளக்கறது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், வாங்கிராதீங்க. மாடியில ஒரு வட்டல்ல கம்பும் தண்ணியும் வைங்க, வர்ற குருவிய கொழந்தைங்க பாத்துக்கட்டும்.

கூத்து எடத்துல குட்டி நாய் கெடச்சா எடுத்துட்டு வர்றதுக்கும் ஒரு மொறை இருக்குது. தாய் பக்கத்துல இருக்குதான்னு வெடிஞ்ச பொறகும் ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, ரெண்டு மாசம் ஆகாத குட்டிய தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க. எடுத்துட்டு வந்தா வாரத்துக்குள்ள பூச்சி மருந்து, மூணு மாசத்துல வெறிநாய் ஊசி. மூணு வாரத்துல இருந்து 14 வாரம் வரைக்கும் குட்டி என்ன கேக்குதோ என்ன பாக்குதோ அது வாழ்நாளுக்கும் பழகிரும், மிருதங்கமும் முகவீணையும் லேசா கேக்க விடறதுக்கு அதவிட நல்ல காலம் கெடையாது. எனக்கு இது அப்ப தெரியாது. பொன்னாச்சி எனக்கு கெடச்சதே சங்ககிரி பக்கத்துல ஒரு நோம்பியில, வெடியால வேசப் பொட்டிய மூட போனா சந்திரமதி சேலைக்குள்ள சுருண்டு கெடந்துச்சு, தாய தேடி ஊர சுத்தி வந்தேன், ரோட்டோரம் லாரி அடிச்சு கெடந்துச்சு. சேலையோட தூக்கி மடியில வச்சுட்டு பஸ்ஸு ஏறினேன். அந்த சேலைய நான் பொறகு மேடைக்கு கட்டவே இல்லீங்க, இன்னைக்கும் அது படுக்கறது அதுலதான்.